வீட்டுச் சமையலிலேயே 1400 கலோரிக்குள் சாப்பிட என்ன வழி? யோசனை சொல்லுங்கள்

கொங்குமருமகள்:
எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன், நாள் முழுக்க நாற்காலிதான். எடை குறைய வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். உணவு ஆலோசகரிடம் போனால் ஒரு நாளைக்கு 1400 கலோரி என்று எழுதி, கூடவே ஒரு பட்டியலும் கொடுத்தார்கள். ஓட்ஸ், கினோவா, ப்ரோக்கோலி, ஆலிவ் எண்ணெய்.

எங்கள் வீட்டில் நான்கு பேர். மாமியார், கணவர், எட்டாவது படிக்கும் மகள், நான். காலையில் எனக்கென்று தனியாக ஒரு சமையல் செய்ய நேரமும் இல்லை, மனசும் இல்லை. எல்லோரும் சாப்பிடும் அதே இட்லி, அதே பருப்பு, அதே அரிசிம்பருப்புச் சாதம், அதில் என் பங்கை மட்டும் கணக்கோடு எடுத்துச் சாப்பிட வழி இருக்கிறதா? குழம்பு, பொரியலுக்கெல்லாம் எப்படிக் கணக்குப் போடுகிறீர்கள்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
முதலில் எண்ணெய்த் தூக்கை அடுப்புப் பக்கத்திலிருந்து எடுத்து வையுங்கள் அக்கா. அதற்குப் பதில் ஒரு டீஸ்பூன். மற்றதெல்லாம் அப்புறம்.

தராசுத்தட்டு:
தோழி, நான் உணவியல் படித்து அதே வேலையில் இருப்பவள். நீங்கள் கேட்பது முடியும். சொல்லப்போனால் அப்படிச் செய்தால்தான் இந்தப் பழக்கம் நிலைக்கும். தனிச் சமையல் ஒரு மாதம் தாண்டுவதில்லை.

முதலில் 1400 என்ற எண். உட்கார்ந்து வேலை செய்யும் 55 கிலோ பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1660 கலோரி போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020ல் தந்த கணக்கு. ஆக நீங்கள் குறைப்பது தினம் சுமார் 260. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறத்தாழ 7700 கலோரி. கணக்குப்படி மாதம் ஒரு கிலோ இறங்கும். மெதுவாகத்தான் இறங்கும், அதுதான் சரி. இரண்டாவது வாரமே எடை குறையவில்லை என்று ஒருவேளைச் சாப்பாட்டை விட்டுவிடாதீர்கள்.

இனி அளக்கும் முறை. சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள், கிராம் காட்டினால் போதும். எதையும் சமைப்பதற்கு முன்பே நிறுங்கள். வெந்த சோற்றை நம்பி அளக்க முடியாது. பழைய அரிசி அதிகத் தண்ணீர் குடிக்கும், குழைத்தால் ஒரு எடை, உதிரியாக வடித்தால் ஒரு எடை. பச்சையாக அளந்தால் எந்த அரிசியானாலும் 100 கிராமுக்கு 350 கலோரி பக்கம்தான் வரும். பருப்பும் அப்படியே, 340 சுமார். எண்ணெய் எந்த எண்ணெயானாலும் ஒரு டீஸ்பூன் 45. ஆலிவ் எண்ணெய்க்கும் கடலை எண்ணெய்க்கும் இதில் வித்தியாசம் இல்லை. அதற்காகச் செலவு செய்ய வேண்டாம்.

குழம்புக்கு ஒரு உதாரணம். துவரம்பருப்பு 100 கிராம், அது 340. முருங்கைக்காய், கத்தரிக்காய், தக்காளி, வெங்காயம், புளி எல்லாம் சேர்ந்து 60 வைத்துக்கொள்ளுங்கள். தாளிக்க இரண்டு டீஸ்பூன் எண்ணெய், 90. மொத்தம் 490. காலிப் பாத்திரத்தின் எடையை முதலிலேயே ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். சாம்பார் இறக்கியதும் பாத்திரத்தோடு நிறுத்து, அந்த எடையைக் கழித்துவிடுங்கள். சாம்பார் 1200 கிராம் இருந்தால் 100 கிராமுக்கு 40 கலோரி. நீங்கள் 200 கிராம் ஊற்றிக்கொண்டால் 80. அவ்வளவுதான். வழக்கமாகச் செய்யும் பத்துப் பன்னிரண்டு பதார்த்தங்களுக்கு ஒருமுறை கணக்குப் போட்டு எழுதி வைத்தால் பிறகு தினமும் நிறுக்கத் தேவையில்லை, கரண்டியே போதும்.

பெருங்குடிவாசி:
தராசுத்தட்டு அக்கா, பாத்திர எடையைச் சுவரில் ஒட்டுவது அருமை. தராசு இல்லாதவர்களுக்கு ஒரு தகவல்: ரைஸ் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப் 180 மில்லி. தலைதட்டி அளந்தால் அரிசி 150 கிராம் சுமார்.

வாழையிலை:
நான் தினசரி பின்பற்றுவதை அப்படியே எழுதுகிறேன், இதுவும் 1400 பக்கம்தான்.

காலை மூன்று இட்லி, 200 கிராம் சாம்பார், ஒரு அவித்த முட்டை. எங்கள் வீட்டில் நாலு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து. 50 கிராம் எடையுள்ள இட்லி 65, 70 வரும். முட்டை 75. எல்லாம் சேர்த்து 360.

மதியம் அரிசி 60 கிராம் (210), சாம்பார் அல்லது பருப்புக் குழம்பு 80, பொரியல் 200 கிராம், தயிர் 100 கிராம் (60). பொரியல் என்றால் கோஸ், பீன்ஸ், புடலை, சுரை, வெண்டை எதுவாக இருந்தாலும் சரி. என் பங்குக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய், ஒரு ஸ்பூன் தேங்காய்த்துருவல் என்று வைத்தால் 120. மொத்தம் 470.

மாலையில் சர்க்கரை இல்லாத காபி, சுண்டல் ஒரு கிண்ணம். காய்ந்த கொண்டைக்கடலை 30 கிராம் ஊறப்போட்டால் கிண்ணம் நிறைந்துவிடும். தாளிப்போடு 120. காலைக் காபியும் சேர்த்து இரண்டு காபிக்கு, நீலப் பாக்கெட் பால் 200 மில்லி, 120.

இரவு 30 கிராம் மாவில் ஒன்று என்று இரண்டு சப்பாத்தி, எண்ணெய் தடவாமல் (200). பாசிப்பருப்பு போட்ட சுரைக்காய்க் கூட்டு தாராளமாக (150).

கூட்டினால் 1420. யாருக்கும் தனிச் சமையல் இல்லை. மற்றவர்கள் சப்பாத்திக்கு நெய் தடவிக்கொள்வார்கள், நான் தடவுவதில்லை.

வைகைக்கரை:
இட்லிக்குத் தொட்டுக்கொள்ள என்ன? அங்கேதான் எல்லோரும் மாட்டுகிறோம். மூன்று இட்லி 200 என்று நிம்மதியாக எழுதிவிட்டு, இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெய் ஒரு குழிக்கரண்டி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே 120க்கு மேல். பொடியோடு சேர்த்து 160. தேங்காய்ச் சட்னியும் அப்படித்தான், 100 கிராம் தேங்காய் 350க்குக் குறையாது.

எங்கள் வீட்டில் வாரத்தில் ஐந்து நாள் காய்ச் சட்னிதான். பீர்க்கங்காய்த் தோல் துவையல், சௌசௌ சட்னி, முள்ளங்கிச் சட்னி, கொத்தமல்லி தக்காளிச் சட்னி. உளுத்தம்பருப்பும் மிளகாயும் ஒரு டீஸ்பூன் எண்ணெயில் வறுத்து, காயை மூடி போட்டு அதன் தண்ணீரிலேயே வதக்கி அரைத்தால் ருசியில் குறை இருக்காது. பொடி வேண்டும் என்றால் தயிரில் குழைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். முதலில் நம்ப மாட்டீர்கள்.

அம்மாச்சி_அடுக்களை:
கண்ணு, எங்க காலத்தில் தராசெல்லாம் இல்லை. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். நீங்கள் கொங்கு நாட்டில் இருந்துகொண்டே கொள்ளை விட்டுவிடலாமா? வாரம் மூன்று நாள் கொள்ளு ரசம், கொள்ளுப் பருப்பு வையுங்கள், கொழுப்பு கரையும். சோற்றை நிறுத்திவிட்டு வரகு, சாமை, தினை சமையுங்கள். அரிசிதான் உடம்பை ஊத வைக்கிறது.

தராசுத்தட்டு:
அம்மா, கொள்ளு வைக்கச் சொன்னீர்களே, அதில் எனக்கு முழுச் சம்மதம். ஆனால் காரணம் வேறு. கொள்ளு உடம்புக் கொழுப்பைக் கரைக்காது. 100 கிராமில் புரதம் 20 கிராமுக்கு மேல் இருக்கிறது, நார்ச்சத்தும் நிறைய. சாப்பிட்டால் அடுத்த வேளைவரை வயிறு தாங்கும், இடையில் பிஸ்கட் டப்பாவைத் திறக்க மாட்டோம். எடை குறைய உதவுவது அதுதான். ரசமாக வைக்கும்போது வேகவைத்த தண்ணீரை மட்டும் எடுத்தால் இதில் பாதி கிடைக்காது. வெந்த கொள்ளையும் கடைந்து சாப்பிட வேண்டும்.

சிறுதானியத்தைப் பற்றி இங்கே பலருக்கும் ஒரு நினைப்பு இருக்கிறது, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வரகு, சாமை, தினை, கேழ்வரகு எல்லாமே 100 கிராமுக்கு 320 முதல் 350 கலோரி. அரிசியும் கிட்டத்தட்ட அதே. நார்ச்சத்து கூடுதல், கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து மிக அதிகம். அதனால் நல்லதுதான், தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் "சாமைச்சோறுதானே" என்று இரண்டு பங்கு போட்டுக்கொண்டால் கணக்கு ஏறும். சப்பாத்தியும் அப்படியே. 60 கிராம் மாவும் 60 கிராம் அரிசியும் ஒரே கலோரிதான். இரவில் சோறு உண்ணக் கூடாது என்று ஒரு விதியும் கிடையாது.

இந்த எண்களெல்லாம் எங்கிருந்து வருகின்றன என்று சிலர் தனிமடலில் கேட்டார்கள். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல் 528 இந்திய உணவுப் பொருள்களைப் பகுத்து அட்டவணையாக வெளியிட்டது. அந்த நிறுவனத்துக்கு வேர் நம்ம குன்னூரில் இருக்கிறது. 1918ல் அங்கே பாஸ்டர் நிறுவனத்தில் ஒரே ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயை ஆராய ஆரம்பித்தார், அதுவே வளர்ந்து 1958ல் ஐதராபாத்துக்குப் போனது. 1937லேயே, குன்னூரில் இருந்தபோதே, அதன் இயக்குநர் எய்க்ராய்ட் இந்திய உணவுகளுக்கு முதல் சத்து அட்டவணையை வெளியிட்டுவிட்டார். நம்ம சாப்பாட்டுக்குக் கலோரிக் கணக்கு இல்லை, வெளிநாட்டுப் பட்டியல்தான் வேண்டும் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். எனக்கு இதில் தனிப் பெருமை உண்டு, நான் நீலகிரிக்காரி.

பெருங்குடிவாசி:
எனக்கு அடுப்பே கிடையாது. விடுதியில் தங்கி மெஸ்ஸில் சாப்பாடு. யாராவது வழி சொல்லுங்கள்.

வைகைக்கரை:
தம்பி, மெஸ்ஸில் சோற்றை உன் கைக்குள் வைத்துக்கொள்வது முடியும். குழம்பில் அவர்கள் ஊற்றும் எண்ணெயை முடியாது. அதனால் மேலே மிதக்கும் எண்ணெயோடு வரும் வத்தக்குழம்பு, காரக்குழம்பைக் குறைத்து சாம்பார், ரசம், மோர் பக்கம் போ. பொரியலும் கூட்டும் இரண்டாம் தடவை கேள், சோறு இரண்டாம் தடவை வேண்டாம். அப்பளம் விடு. காலையில் பொங்கல், வடைக்குப் பதில் இட்லி அல்லது இடியாப்பம். இட்லிக்கும் தோசைக்கும் ஒரே மாவுதான், ஆனாலும் வீட்டில் சிக்கனமாக வார்த்த தோசையே 135 வரும். கடைத் தோசைக்கு எண்ணெய் எவ்வளவு என்று சுட்டவருக்கே தெரியாது.

கெட்டிலில் முட்டை அவிக்கலாம். பச்சைப்பயறு முளைகட்டி வெள்ளரி, எலுமிச்சை பிழிந்து வை. கொய்யா வாங்கி வை. வேர்க்கடலை வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் கைப்பிடி 30 கிராமே 160 தாண்டும், பொட்டலத்தோடு உட்காராதே.

பெருங்குடிவாசி:
நன்றி அண்ணா. பசித்தால் டைஜஸ்டிவ் பிஸ்கட் வாங்குவேன், அது பரவாயில்லையா?

வைகைக்கரை:
பாக்கெட்டைத் திருப்பி 100 கிராமுக்கு எவ்வளவு என்று பார். 450க்குக் குறைவாக நான் பார்த்ததில்லை. சாதா பிஸ்கட்டும் அதே அளவுதான்.

நெய்தல்நிலம்:
எல்லோரும் பருப்பையே பேசுகிறீர்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் மீனை விட்டால் எப்படி? நெத்திலி, சூடை, மத்தி, கிழங்கான் எல்லாம் விலையும் குறைவு, 100 கிராமில் புரதம் 20 கிராம் பக்கம் கிடைக்கும். மத்தி கொழுப்புள்ள மீன், 150 கலோரி வரும், ஆனால் அது நல்ல கொழுப்பு, பயப்பட வேண்டாம்.

எங்கள் வீட்டில் தேங்காய் அரைக்காத புளி மீன்குழம்புதான் அதிகம். மண்சட்டியில் ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய், வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளியை நன்றாகக் குழைய வதக்கினால் குழம்பு தானாகக் கெட்டியாகும். வறுவல் வேண்டும் என்றால் மசாலா தடவி அரைமணி நேரம் ஊறவைத்து, இரும்புத் தோசைக்கல்லில் வாழையிலைத் துண்டு போட்டு அதன் மேல் மீனை வைத்து மூடிவிடுங்கள். நான்கு துண்டுக்கு இரண்டு டீஸ்பூன் எண்ணெய் போதும். மொறுமொறுப்பு கொஞ்சம் குறையும், மணம் கூடும். கருவாட்டில் உப்பு அதிகம், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் எப்போதாவது வைத்துக்கொள்ளுங்கள்.

பருத்தித்துறைப்பெண்:
வணக்கம் அக்காமாரே. நான் இப்ப டொரோண்டோவில. எங்கட சாப்பாட்டில தேங்காய் இல்லாமல் ஒன்றும் இல்லை. புட்டுக்குத் தேங்காய்ப்பூ, சொதிக்குத் தேங்காய்ப்பால், சம்பலுக்கும் தேங்காய். இதில எதைக் குறைக்கிறது?

தராசுத்தட்டு:
மூன்றையும் ஒரே நேரத்தில் வைக்காதீர்கள் சகோதரி. புட்டு என்றால் சம்பலை விட்டுவிட்டு மீன்குழம்பு அல்லது கத்தரிக்காய்க் கறி. 60 கிராம் சிவப்பரிசி மா 210, தேங்காய்ப்பூ 30 கிராம் 105. அதைப் பாதியாக்கி, மாவோடு துருவிய கேரட்டோ முருங்கையிலையோ கலந்து அவித்தால் புட்டும் உதிரியாக வரும். குரக்கன் (கேழ்வரகு) புட்டும் செய்யலாம். இடியப்பம் அன்று சொதி வையுங்கள், ஆனால் டின்னில் வரும் கெட்டிப் பால் 100 மில்லி 180, 200 இருக்கும். பிழிந்த இரண்டாம் பாலில் வைத்து, இறக்கும்போது கொழுப்பு குறைந்த பசும்பால் கொஞ்சம் விட்டு எலுமிச்சை பிழியுங்கள். தக்காளி, வெண்டிக்காய், முட்டை போட்டால் சொதியே ஒரு முழுக் கறியாகிவிடும். கீரை வறைக்குத் தேங்காய்ப்பூவைக் கடைசியில் தூவுங்கள், குறைவாகப் போட்டாலும் நாக்கில் தெரியும்.

பருத்தித்துறைப்பெண்:
பசும்பால் விட்ட சொதி அம்மம்மாவும் வைக்கிறவ. செய்து பார்க்கிறன். நன்றி அக்கா.

மழைக்கால_மேகம்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு இந்த எண்ணும் பழக்கத்தைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகள் கைபேசிச் செயலியில் கணக்கு எழுத ஆரம்பித்தாள். முதலில் சர்க்கரையை விட்டாள், பிறகு சோற்றை, பிறகு இரவுச் சாப்பாட்டையே விட்டாள். 900ஐத் தாண்டினால் அழுகை. மாதவிலக்கு நின்ற பிறகுதான் வீட்டில் எங்களுக்கே புரிந்தது. இப்போது சிகிச்சையில் இருக்கிறாள், தேறிவருகிறாள். கலோரி எண்ணச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தராசுத்தட்டு:
நீங்கள் வந்து சொன்னது நல்லது. இது எல்லோருக்கும் ஏற்ற முறை இல்லை. வளரும் பிள்ளைகள் எண்ண வேண்டாம், அவர்கள் முன்னால் நாமும் உரக்க எண்ண வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு வழக்கத்தை விட 350, பால் கொடுக்கும் தாய்மாருக்கு முதல் ஆறு மாதம் 600 கலோரி கூடுதலாகத் தேவை, குறைப்பது தவறு. சாப்பாட்டைக் கண்டாலே குற்றவுணர்ச்சி வந்த அனுபவம் உள்ளவர்கள் இந்த வழியில் வரவே கூடாது. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம், மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவைச் சரிசெய்துகொண்ட பிறகே தொடங்குங்கள். எண்ணுபவர்களும் ஒரு நாள் கூடிவிட்டால் மறுநாள் பட்டினி கிடக்காதீர்கள். வாரக் கணக்கைப் பாருங்கள்.

எண்ணவே பிடிக்காதவர்களுக்கு இன்னொரு வழி. மாதம் வீட்டுக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். 2024ல் வெளியான தேசிய உணவு வழிகாட்டுதல் 2000 கலோரித் தட்டுக்கு எண்ணெய், நெய் சேர்த்து 27 கிராம்தான் வைத்திருக்கிறது, காய்கறியோ 400 கிராம். நான்கு பேர் வீட்டில் ஆளுக்குத் தினம் 27 கிராம் என்றால் மாதம் மூன்றரை லிட்டர். பல வீடுகளில் ஐந்து, ஆறு போகிறது. அதை மூன்றரைக்குக் கொண்டுவந்து, தட்டில் காயை முதலில் வைத்து, அப்புறம் சோறு போட்டாலே பாதி வேலை முடிந்தது. இதில் வீட்டில் உள்ள எல்லோருக்கும் நன்மை.

கொங்குமருமகள்:
எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பாத்திர எடைகளை எழுதி ஒட்டிவிட்டேன். மாமியார் ஏன் என்று கேட்டார், விளக்கினேன். இப்போது அவரே எண்ணெயை ஸ்பூனில் அளக்கிறார்.

ஒரு சந்தேகம். அரிசிம்பருப்புச் சாதத்தை எப்படி எண்ணுவது? எங்கள் அளவு: அரிசி 300 கிராம், துவரம்பருப்பு 100, சின்ன வெங்காயம், தக்காளி, பூண்டு, கடலை எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி. மேலே நெய் வேறு.

வாழையிலை:
அரிசி 1050, பருப்பு 340, வெங்காயம் தக்காளி 80, எண்ணெய் 370. மொத்தம் 1840. எண்ணெயைப் பாதியாக்கினால் 1655. வெந்ததும் 1600 கிராம் வந்தால் 100 கிராமுக்கு 103. உங்களுக்கு 250 கிராம் எடுத்துக்கொண்டால் 260தான். கூட ஒரு கிண்ணம் பொரியல், நீர்மோர். அதோடு சேர்த்து 410க்குள் மதியச் சாப்பாடு முடிந்துவிடும். நெய்யை விட வேண்டாம், அது இல்லாமல் அரிசிம்பருப்பு என்ன அரிசிம்பருப்பு? ஒரு டீஸ்பூன் விட்டு 45ஐச் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

பெருங்குடிவாசி:
ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனால் அம்மா ஆட்டுக்கறிக் குழம்பு வைப்பார். அதைச் சாப்பிடலாமா, எவ்வளவு?

வைகைக்கரை:
சாப்பிடு தம்பி, அம்மா வைத்ததை வேண்டாம் என்று சொல்லாதே. கறியில் பயப்பட ஒன்றும் இல்லை. கொழுப்பில்லாத தொடைக்கறி அரைக்கிலோ 600 கலோரி. ஆனால் அதற்கு நான்கு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றினால் 480, அரைமூடித் தேங்காய் அரைத்தால் இன்னொரு 450. கறியை விட அதைச் சுற்றி இருப்பதுதான் அதிகம். அம்மாவிடம் கொழுப்பில்லாமல் தொடைக்கறியாக வாங்கச் சொல், எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, தேங்காய் இரண்டு சில்லு. கெட்டிப்புக்கு மல்லியும் சின்ன வெங்காயமும் கூட்டி அரைக்கட்டும். குழம்பு கொஞ்சம் ஆறியதும் மேலே படியும் நெய்ப்பை ஒரு கரண்டியால் எடுத்துவிடலாம். பிறகு துண்டு நூறு, நூற்றைம்பது கிராம் எடுத்துக்கொண்டு, குழம்பு ஒரு கரண்டி, சோறு வழக்கமான 60 கிராம், பக்கத்தில் வெங்காயமும் வெள்ளரியும். 550க்குள் வந்துவிடும். இரவுக்கு ரசமும் இரண்டு இட்லியும் போதும்.